இருபத்தேழாம் கேள்வியும் போடாத கையெழுத்தும்

சமயநல்லூர்
18-6-2000

அன்புள்ள அண்ணன் அருள்பாண்டிக்கு,

நடந்தது எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதுவேன், ஒன்றையும் கூட்ட மாட்டேன், யாருக்காகவும் மறைக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். எப்போதும் போல அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது நான்தான், உன் தங்கை தமிழ்ச்செல்வி. ஆனால் இந்தத் தடவை அம்மா பாதி சொல்லும்போதே கோபம் வந்து எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள், பிறகு வந்து "எதுல விட்டேன்?" என்று கேட்கிறாள், அதனால் இடையில் விட்டதையெல்லாம் நானே நிரப்ப வேண்டியிருக்கிறது. அம்மா சொன்னதை அம்மா சொன்னதாகவே எழுதுவேன், மற்ற இடத்தில் நான் என்று வந்தால் அது நான். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மனசுக்கும் குறையில்லை என்று எழுதட்டுமா என்று கேட்டேன், "பொய்யி எழுதாதடி, சத்தியம் பண்ணியிருக்க" என்றாள். நீ அங்கே சிங்கப்பூரில் வேளைக்குச் சாப்பிட்டு, வேலை செய்கிற இடத்தில் கை கால் பத்திரமாக, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறோம்.

நீ வியாழக்கிழமை சாயங்காலம் பூத்துக்குப் போன் செய்தபோது அம்மா மூச்சு வாங்க ஓடி வந்து ரிசீவரை எடுத்தாள், அது உனக்குத் தெரியும். நீ நலம்கூட விசாரிக்காமல், வீரணன் மாமா உன்னிடம் எல்லாம் சொல்லிவிட்டார் என்றும், "ஒரு கையெழுத்துத்தானேம்மா, போட்டுட்டுப் பிள்ளையச் சேத்து விடுங்க, யாரு அதையெல்லாம் ஞாபகம் வச்சிருக்கப் போறா" என்றும், நீங்கள் போடாவிட்டால் மாமாவே போடட்டும் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னாய். அம்மா பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது லைன் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகும் அம்மா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே நின்றாள். பூத்துக்காரர் "அக்கா, லைன் போயிருச்சு, வைங்க, அடுத்த ஆளு நிக்கிறாக" என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் வைத்தாள். வீட்டுக்கு வேகமாக நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "மாமங்காரன் சொன்னதை மட்டும் கேட்டுட்டுப் பேசுறான், அவனுக்கு முழுசா எழுதணும்" என்றாள். அந்த முழுசுதான் இந்தக் கடிதம். மாமா உன்னிடம் சொன்னது பொய் என்று சொல்லவில்லை, அவருக்கு அவசரம், கால்வாசியைத்தான் சொல்லியிருக்கிறார்.

திருப்பரங்குன்றம் போகிற ரோட்டில் புதிதாகக் கட்டியிருக்கிறார்களே ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளி, அதன் பெயரை எழுத வேண்டாம் என்கிறாள் அம்மா, அந்தப் பெயருக்கு நம் வீட்டு மை எதற்காம். அந்தப் பள்ளியில் அரசுப் பள்ளியில் பத்தாவது படித்த பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு வைத்து, முதலில் வருகிறவர்களுக்குப் பதினொன்றாம் வகுப்பு கணக்குப் பிரிவில் கட்டணமே இல்லாமல் இடம் கொடுப்பதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். கணக்கு, அறிவியல் போக அதில் 'பகுத்தறியும் திறன்' என்று ஒரு பகுதி உண்டு. அது நம் பள்ளியில் யாருக்கும் தெரியாத விஷயம், ஆனால் எனக்குத் தெரியும். கிளை நூலகத்தில் அட்டை போன ஒரு போட்டித் தேர்வுப் புத்தகம் இருந்தது, முழுப் பரீட்சை லீவும் நான் அதை வைத்துக்கொண்டு இருந்தேன். அதில் எனக்கு மிகவும் பிடித்தது 'இப்படி நடந்தால் அப்படி நடக்கும்' என்கிற வகைக் கேள்விகள். உனக்கும் புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் விளக்கி எழுதுகிறேன், பொறுமையாகப் படி. மேலமாசி வீதியில் சாமி ஊர்வலம் வந்தால் பஸ் நிற்கும் என்று வைத்துக்கொள். சாமி வந்துவிட்டது என்று சொன்னால் பஸ் நிற்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் பஸ் நிற்கிறது என்று மட்டும் சொன்னால் சாமி வந்தது என்று சொல்லக் கூடாது, டயர் பஞ்சர் ஆகியிருக்கலாம், மாடு படுத்திருக்கலாம், கண்டக்டர் டீ குடிக்க இறங்கியிருக்கலாம். பஸ் நிற்கவே இல்லை, ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் சாமி வரவில்லை என்பது நிச்சயம். சாமி வரவில்லை என்றால் பஸ் ஓடுகிறது என்று சொல்ல முடியாது. இவ்வளவுதான் அந்த வித்தை. அது டவுன் ஹால் ரோடு மாதிரி ஒருவழிப் பாதை, ஒரு பக்கமாகத்தான் போகலாம், திரும்பி வர வேண்டுமென்றால் 'இல்லை' என்பதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. கொடுத்திருக்கிற வாக்கியத்தை அப்படியே ஒத்துக்கொள்ள வேண்டும், நமக்குத் தெரிந்த விஷயத்தை உள்ளே நுழைக்கக் கூடாது. கழுதை பறக்கும் என்று கொடுத்திருந்தால் அந்தத் தாள் முடிகிற வரைக்கும் கழுதை பறக்கத்தான் வேண்டும். இதை அம்மாவுக்குச் சொல்லிக் காட்டினேன், "இதுக்கா ஒரு புஸ்தகம் போட்டு விக்கிறாக" என்றாள். ஆனால் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் இதில்தான் தவறுகிறார்கள் என்பதை இனிமேல் நீயே பார்ப்பாய்.

அந்தப் பகுதியில் நான் எல்லாக் கேள்வியையும் சரியாகப் போட்டேன், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுதான் இருபத்தேழாம் கேள்வி, அதை எழுத்து மாறாமல் எழுதுகிறேன். 'ஓர் ஊரில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால், அந்த ஊரைச் சேர்ந்த யாரும் இரவில் வெளியூரில் தங்க மாட்டார்கள். அந்த ஊரைச் சேர்ந்த ராகேஷ் நேற்று இரவு வெளியூரில் தங்கினார். எனவே நேற்று, அ. ஊரில் காப்புக் கட்டியிருந்தது, ஆ. ஊரில் காப்புக் கட்டியிருக்கவில்லை, இ. உறுதியாகச் சொல்ல முடியாது.' விதிப்படி பார்த்தால் விடை ஆ. பஸ் ஓடுகிறது, ஆகவே சாமி வரவில்லை, அதே கணக்கு. ஆனால் அண்ணே, நம் ஊரில் காப்புக் கட்டினால் என்ன வழக்கம்? காப்புக் கட்டுகிறபோது ஊருக்குள் இருந்தவர்கள்தான் திருவிழா முடிகிற வரை வெளியே தங்கக் கூடாது, அதற்கு முன்னாலேயே வெளியூர் போய்விட்டவர்களை அது கட்டாது. பங்குனியில் நம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள், நீ சிங்கப்பூரில்தான் தங்கினாய், அதற்காக நம் ஊரில் காப்பே கட்டவில்லை என்று ஆகிவிடுமா? கேள்வியில் ராகேஷ் என்று போட்டிருந்தாலும் எனக்கு உன் முகம்தான் தெரிந்தது. ராகேஷ் எப்போது ஊரை விட்டுப் போனான் என்று தெரியாமல் எப்படிச் சொல்வது என்று நினைத்து, இ என்று போட்டுவிட்டேன். தெரிந்ததை உள்ளே நுழைக்கக் கூடாது என்கிற விதியைப் படித்துவிட்டு நுழைத்தது என் தப்புத்தான், அதற்கு ஒரு மதிப்பெண் போனது நியாயம், அதில் எனக்கு வருத்தம் இல்லை. "பரீட்சையில ஒக்காந்து அண்ணன நெனைக்கச் சொன்னாகளாக்கும்" என்று அம்மா என்னைத் திட்டியும் முடித்துவிட்டாள்.

முடிவைப் பள்ளி கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிப் போட்டார்கள். மாமாதான் போய்ப் பார்த்து வந்தார். வந்தவர் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, சாய்த்துப் போட்டுவிட்டு, "அக்கா, பேரு இருக்கு, ஆனா மானம் போச்சு" என்றார். இடம் கிடைத்தவர்கள் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டு, அதற்கும் கீழே இரண்டு பெயர். தங்கப்பொண்ணு, கொட்டாம்பட்டி. தமிழ்ச்செல்வி, சமயநல்லூர். இரண்டுக்கும் எதிரில் 'முறைகேடு, பெற்றோருடன் வரவும்' என்று எழுதியிருந்ததாம். அந்தத் தங்கப்பொண்ணை எனக்கு யாரென்றே தெரியாது. தேர்வு அன்றைக்கு எனக்கு முந்தின பெஞ்சில் பச்சை ரிப்பன் கட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், அவள்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை அம்மா, மாமா, நான் மூவரும் போனோம். அப்பாவுக்கு மில்லில் லீவு கொடுக்கவில்லை. தாளாளர் அறையில் அவரும் தலைமை ஆசிரியையும் இருந்தார்கள். தங்கப்பொண்ணும் அவளுடைய அப்பா பேயாண்டியும் எங்களுக்கு முன்னாலேயே வந்து சுவரோரமாக நின்றிருந்தார்கள். தாளாளர் மாமாவை மட்டும் உட்காரச் சொன்னார், அம்மாவைச் சொல்லவில்லை, இதை விடாமல் எழுதச் சொல்கிறாள். எங்கள் இரண்டு பேர் தாளையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "காப்பி அடிச்சா எப்படி இருக்கும்? ரெண்டு தாளும் ஒண்ணுபோல இருக்கும். பாருங்க, ஒண்ணுபோல இருக்கு. சரியான விடை ஒண்ணா இருந்தாக்கூட விட்ருவேன், தப்பும் ஒண்ணா இருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார். அண்ணே, அவர் எங்கே விழுந்திருக்கிறார் என்று நீ இப்போது கண்டுபிடித்திருப்பாய். பஸ் நிற்கிறது, ஆகவே சாமி வந்துவிட்டது! அவர் நடத்திய தேர்வில் அவரே அந்தப் பகுதியில் முட்டை வாங்கியிருப்பார். நான் மரியாதையாகத்தான் சொன்னேன், ஐயா, காப்பி அடித்தால் ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றுபோல இருந்தால் காப்பி என்று ஆகாது, வேறு காரணமும் இருக்கலாம் என்று. "என்ன காரணம்?" என்றார். காப்புக் கட்டுகிற ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் இந்தக் கேள்விக்கு இ என்றுதான் போட்டிருப்பார்கள், மற்ற தாள்களை எடுத்துப் பாருங்கள் என்றேன். அப்போதுதான் தங்கப்பொண்ணு முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஆமா சார், எங்க அத்தை மகன் காப்புக்கு மொதநா திருப்பூருக்குப் போயிட்டான், அவன ஊர்ல யாரும் ஒண்ணும் சொல்லல, அத நெனச்சுத்தேன் போட்டேன்" என்றாள். நான் சிங்கப்பூரை நினைத்தேன், அவள் திருப்பூரை நினைத்திருக்கிறாள்.

தாளாளர் "கதை விடாதீங்க" என்றார். தலைமை ஆசிரியை எழுந்து போய் பீரோவிலிருந்து தாள் கட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, கயிற்றை அவிழ்த்துவிட்டு மறுபடியும் போய் உட்கார்ந்துகொண்டார். தாளாளரால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொன்றாகப் புரட்டினார். டவுன் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் ஆ என்று சரியாகப் போட்டிருந்தார்கள். உசிலம்பட்டி, வாடிப்பட்டி, மேலூர், கொட்டாம்பட்டி என்று முகவரி போட்டிருந்த தாளில் எல்லாம் இ, இ, இ. இதுவரைக்கும் எல்லாரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம், மாமாகூட "அட" என்றார். முடிந்துவிட்டது, இதோ சரியாகிவிட்டது என்று நினைத்தேன். தாளாளர் கட்டை மூடி வைத்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "அப்ப இந்தக் கிராமத்துப் பிள்ளைக அம்புட்டும் சேந்து காப்பி அடிச்சிருக்கு!" நான் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை, அம்மாவும் இந்த இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டுச் சரிதான் என்று சொன்னாள். வேறு வேறு ஹாலில் உட்கார்ந்தவர்கள் எப்படிச் சேர்ந்து அடிப்பார்கள்? அன்றைக்கு எங்கள் ஹாலில் கண்காணிப்புக்கு நின்றவரே அவர்தான். அதனால் நான் கேட்டேன், ஐயா, நாங்கள் காப்பி அடித்திருந்தால் அன்றைக்கு நீங்கள் ஹாலில் கவனிக்காமல் இருந்திருக்க வேண்டும், அப்படித்தானே என்று. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் நின்னா என் ஹால்ல ஒரு ஈ அசையாது!" என்று மேஜையைத் தட்டினார். அப்படியானால் நாங்கள் காப்பி அடிக்கவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள் ஐயா என்றேன். இதுதான் 'இல்லை'யைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவது, புத்தகத்தில் இருக்கிற இரண்டாவது சரியான வழி. தலைமை ஆசிரியை சட்டென்று குனிந்து ஏதோ எழுதுகிற மாதிரி இருந்தார். தாளாளர் மாமா பக்கம் திரும்பி, "பிள்ளைக்கு வாய் ரொம்ப நீளமா இருக்கே" என்றார்.

அதற்குப் பிறகு காப்பி என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். ஒழுக்கம், பணிவு, பள்ளியின் பெயர் என்று பேசிக்கொண்டே போனார். கடைசியில், "பெரிய மனசு பண்ணி ரெண்டு பேருக்கும் சீட்டு தாரேன், பரீட்சையில தவறு செஞ்சதுக்கு மன்னிக்கவும்னு ஒரு வரி, கீழ பெத்தவங்களோ கார்டியனோ ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்" என்றார். மாத முடிவு வரை இடத்தை வைத்திருப்பதாகவும் சொன்னார். தங்கப்பொண்ணின் அப்பா பேயாண்டி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சாமி, எங்க ஊருல இருந்து ஒரு பொட்டப்பிள்ள இம்புட்டுத் தூரம் வந்ததே பெரிசு, இத விட்டா என்னால எங்கயும் சேக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே போட்டுவிட்டார். தங்கப்பொண்ணு "அப்பா, வேணாம்ப்பா" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததை நான் பார்த்தேன். மாமாவும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டார். அம்மா, "வீரணா, பேனாவை வையி" என்றாள். மாமா, "அக்கா, காரியத்தக் கெடுக்காத, நான் மாமங்காரன், நான் போடுறேன், ஒனக்கு என்ன" என்றார். அம்மா பேனாவை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டாள். பிறகு தாளாளரிடம் சொன்னாள், "எம் மக காப்பி அடிச்சிருந்தா நானே இழுத்தாந்து ஒங்க கால்ல விழுக வச்சிருப்பேன். அடிக்கலைன்னு அவ சொல்றா. ஈ அசையலைன்னு நீங்களும் சொல்றீக. ரெண்டு பேரும் ஒண்ணத்தான சொல்றீக, பெறகு எதுக்கு எந் தம்பி கையெழுத்து?" அவர் மணியை அடித்து அடுத்தவர்களை வரச் சொன்னார். தலைமை ஆசிரியை மேல்தான் அம்மாவுக்குக் கூடுதல் கோபம். "அந்தாளு ஏறுக்குமாறாப் பேசுறாரு, சரி. அந்தம்மாவுக்குத் தெரியுதுல்ல? கட்ட எடுத்துக் குடுக்கத் தெரிஞ்சவுகளுக்கு வாயத் தொறக்கத் தெரியலையா?" என்று இப்போதும் சொல்கிறாள். எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம் இல்லை, ஆனால் கோபமே இல்லை என்றும் எழுத முடியாது.

வெளியே வந்தபோது கேட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கரும்பலகை அப்படியே இருந்தது. நாலைந்து பேர் நின்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு அம்மா தன் பையனிடம் என் பெயரை விரலால் காட்டி, "பாத்தியா, திருடுனா இப்பிடித்தேன் போர்டுல போடுவாக" என்றது. என் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னது, அதற்கு என்னைத் தெரியாது. அம்மா நேராகக் குழாயடிக்குப் போய் முந்தானையை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தாள். வாட்ச்மேன், "எம்மா, போர்டுல கை வைக்கக் கூடாது, எம் பொழப்புப் போயிரும்" என்று ஓடி வந்தார். அம்மா, "நீ பாக்கல, ஹால்ல ஈ அசையலைன்னு அவரு சொன்னது மாதிரி நீயும் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே 'முறைகேடு' என்பதை அழுத்தித் துடைத்தாள். என் பெயரைத் துடைக்கவில்லை, அது அப்படியே நின்றது. பிறகு ஒரு அடி நகர்ந்து தங்கப்பொண்ணு பெயருக்கு எதிரில் இருந்ததையும் துடைத்தாள். தங்கப்பொண்ணும் அவள் அப்பாவும் அப்போதுதான் வெளியே வந்தார்கள். அவர் கையில் சேர்க்கை ரசீது இருந்தது. ஈரப் பலகையைப் பார்த்துவிட்டு, "தாயி, நான் வேற என்ன செய்ய" என்றார்.  அம்மா தங்கப்பொண்ணின் கன்னத்தைத் தடவி, "நல்லாப் படி ஆத்தா" என்றாள், அவ்வளவுதான். பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கியதும் மாமா எங்களை விட்டுவிட்டு வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். மறுநாள்தான் அவர் உனக்குப் போன் செய்திருக்கிறார்.

அம்மா இப்போது அடுப்படியில் இருக்கிறாள், அதனால் இதை மட்டும் வேகமாக எழுதிவிடுகிறேன். எனக்கு அந்தப் பள்ளி பிடித்திருந்தது அண்ணே. அங்கே நூலகத்தில் கண்ணாடி பீரோ பீரோவாகப் புத்தகம், கம்ப்யூட்டருக்கு என்று தனி அறை. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தேன். புதன்கிழமை இரவு அழுதேன். நீ என்னை இன்ஜினியரிங் சேர்ப்பதற்காக ஓவர்டைம் பார்க்கிறாய் என்றும் தெரியும், உனக்கு இந்த இலவச இடம் எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்திருக்கும் என்றும் தெரியும். இவ்வளவும் தெரிந்தும் நான் போட வேண்டாம் என்றுதான் சொன்னேன், அம்மா மட்டும் சொன்னதாக நினைத்துக்கொள்ளாதே.

அம்மா வந்துவிட்டாள். இனி வருவது நீ கேட்டதற்கு அவள் பதில், அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். "ஒரு கையெழுத்துத்தானேன்னு சொன்னியே தம்பி. தப்புப் பண்ணா மன்னிப்புக் கேக்கணும், அது சரி. இவ தப்புப் பண்ணல, அதுவும் நமக்குத் தெரியும். ஆனா அந்தத் தாளை நாளைக்கு எவன் எடுத்துப் பாத்தாலும் எப்பிடி வாசிப்பான்? மன்னிப்புக் கேட்ருக்காளே, அப்பத் தப்புப் பண்ணவதேன்னுதான வாசிப்பான்? படிச்ச ஆளே ரெண்டு தாளு ஒண்ணா இருக்கு, அதனால காப்பின்னு தலைகீழா வாசிக்கிறாரு. போர்டப் பாத்த பொம்பள திருடுனான்னு வாசிக்கிறா. இந்த ஊரு ஒலகம் பூராவும் அந்தப் பக்கமாத்தேன் வாசிக்கும். யாரும் ஞாபகம் வச்சிருக்க மாட்டாகன்னு சொல்ற, தாளு ஞாபகம் வச்சிருக்குமே. நாளைக்கு அந்தாளுக்கு இவ மேல ஒரு கோவம் வந்தா மொதல்ல அந்தத் தாளத்தான எடுப்பாரு? ரெண்டு வருசமும் எம் பிள்ளை வாயத் தொறக்காம ஒக்காந்திருக்கணும், அதுக்குத்தேன் அந்தக் கையெழுத்து. நீ அங்க கம்பி கட்டுற எடத்துல ஒன்னையத் திருடன்னு சொல்லி, ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடு, வேலை தாரேன்னா போடுவியா? போட்டுட்டு எனக்குப் போன் பண்ணுவியா?" அம்மா இதைச் சொல்லும்போது எனக்கே எழுதக் கை வேகம் போதவில்லை.

அப்பா இதில் ஒன்றும் செய்யவில்லை என்று நினைக்காதே. வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து யாரிடமும் சொல்லாமல் என் மாற்றுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போய் நம் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் பிரிவில் என்னைச் சேர்த்துவிட்டு வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதுதான், "திங்கக்கிழம பள்ளிக்கூடம், ரிப்பன் வாங்கிக்க" என்றார். சான்றிதழ் அரசுப் பள்ளிக்குப் போய்விட்டதால் இனிமேல் மாமா எத்தனை கையெழுத்துப் போட்டாலும் அந்தப் பள்ளியில் என்னைச் சேர்க்க முடியாது. ஆனால் கையெழுத்துப் போட்டால் அந்தத் தாள் மட்டும் அங்கே நிற்கும். ஆகையால் நீ இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே மாமாவுக்குப் போன் செய்து, போட வேண்டாம் என்று சொல்லிவிடு. நீ போடச் சொன்னதால்தான் அவர் துணிவார், நீ வேண்டாம் என்றால் விட்டுவிடுவார். அவரிடம் மரியாதையாகப் பேசு, அவர் நம் நல்லதுக்குத்தான் பேனாவை எடுத்தார் என்று அம்மாவே சொல்கிறாள், ஆனால் பேனாவை மட்டும் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

கடைசியாக ஒன்று, இதை எழுதாவிட்டால் கடிதத்தை மடிக்கக் கூடாது என்கிறாள். தங்கப்பொண்ணு அப்பா கையெழுத்துப் போட்டார், அதனால் அந்தப் பிள்ளை காப்பி அடித்தவள்தான் என்று நீ ஒரு நாளும் நினைக்கக் கூடாதாம். மாமா அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார், பார், அவள் ஒத்துக்கொண்டுவிட்டாள், நம் பிள்ளைதான் சுத்தம் என்று. நம் பிள்ளை சுத்தம் என்று காட்டுவதற்கு அவள் மேல் அழுக்கைத் தள்ளுவதும் அதே தலைகீழ் வாசிப்புத்தான். அவளும் திருப்பூரை நினைத்து எழுதியவள்தான், வேறு எதுவும் இல்லை. யார் கேட்டாலும் அப்படியே சொல்.

உனக்கு நோய் நொடி அண்டாமல், நினைத்த காரியம் கைகூடி, தலை நிமிர்ந்து ஊர் வந்து சேர வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் உன் தலை மேல் கை வைத்துச் சொல்கிற மாதிரி நினைத்துக்கொள். உயரத்தில் வேலை செய்யும்போது பெல்ட்டை மாட்டாமல் ஏறாதே. மாமாவுக்குப் போன் செய்ய மறக்காதே, கோபம் இருந்தால் அம்மாவுக்கு எழுது, மாமாவிடம் காட்டாதே.

இப்படிக்கு,
சொன்னது, உன் அம்மா அன்னக்கொடி, அப்பா முத்திருளனும் கூட.
எழுதியது, தங்கை தமிழ்ச்செல்வி.

பின்குறிப்பு: அம்மா அவள் பெயரை அவளே எழுதுவதாகச் சொல்லி என் பேனாவை வாங்கிக்கொண்டாள், மேலே 'அன்னக்கொடி' என்பது அவள் கையெழுத்து, எழுத்துக் கூட்டி எழுதியது. அவள் மனசாரப் போட்ட கையெழுத்து இது ஒன்றுதான் என்று சொல்லச் சொன்னாள். காலையில் ஷிப்ட் இருக்கிறது என்று அப்பா விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டார்.